சந்தையில் கிளிக்குஞ்சு விற்பதைப் பார்த்தால்: வேலூர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை

மூன்று வருடங்களுக்கு முன், வேலூர் பக்கத்து வாரச் சந்தை ஒன்றில், கோணி போர்த்திய கூடைக்குள் பச்சைக்கிளிக் குஞ்சுகளைப் பார்த்தேன். இறகுகூட முழுதாக முளைக்கவில்லை. மனசு கேட்காமல் இரண்டை விலை கொடுத்து வாங்கி வந்தேன். ஒன்று அன்றிரவே செத்துப்போனது. அடுத்த வாரம் அதே ஆள், அதே இடம், கூடை நிறையக் குஞ்சுகள். நான் கொடுத்த பணம் அடுத்த பட்டுப்போன பனையில் ஏறிப் பொந்தைத் துழாவக் கூலியாகிவிட்டது. என் தப்பை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: எது சட்டவிரோதம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், கூண்டில் வளர்ப்பதும் குற்றம். இரக்கப்பட்டு வாங்கினாலும் அப்படித்தான். கூண்டுப் பறவைக் கடைகளில் "லவ் பேர்ட்ஸ்" என்று விற்பவை வெளிநாட்டு இனம், அது வேறு கதை. நம் ஊர்க் கிளி, தினைக்குருவி, உடும்பு, அலங்கு (எறும்புத்தின்னி), தேவாங்கு எல்லாம் பாதுகாக்கப்பட்டவை.

நட்சத்திர ஆமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆந்திர எல்லையை ஒட்டிய முள்காடு மாதிரியான வறண்ட நிலம்தான் அதற்குப் பிடித்த இடம். மழை பெய்ததும் மேய வெளியே வரும், எளிதில் கையில் சிக்கிவிடும். வீட்டில் வைத்தால் காசு சேரும் என்று நம்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கடத்தல் மிகுந்ததால் 2019இல் இதன் சர்வதேச வணிகம் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. இப்போது இது சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்பு பெற்ற விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. அந்த அட்டவணை விலங்குகளை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலை, அது லட்சக்கணக்கில் விலை போகும் என்பதும் பொய். அதன் வால் மழுங்கியிருப்பதால் இன்னொரு தலை போலத் தெரிகிறது, அவ்வளவுதான். நரிக்குக் கொம்பே கிடையாது. நரிக்கொம்பு என்று யாராவது காட்டினால் ஏமாற்று வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: விற்பவரிடம் பேச்சு கொடுக்காதீர்கள்

விலை கேட்கவோ சண்டை போடவோ வேண்டாம். தட்டிக் கேட்டால் சரக்கு பத்து நிமிடத்தில் இடம் மாறிவிடும். உங்களுக்கும் ஆபத்து. கடைக்கு வந்தவர் போல் நடந்து தாண்டிப் போங்கள்.

படி 3: உடனே எழுதிக்கொள்ளுங்கள்

இதுதான் முக்கியமான படி. நான் முதல்முறை வனத்துறைக்குப் போன் செய்தபோது "காட்பாடி பக்கம், ரோட்டோரம்" என்றுதான் சொல்லத் தெரிந்தது. போனை எடுத்தவர் என்ன செய்வார், பாவம்! ரயில் நிலையத்துக்கு எந்தப் பக்கம், எந்தக் கடைக்கு எதிரே என்று சொல்லியிருந்தால் போதும். இந்த மாதிரியில் ஒரு குறிப்பு தயார் செய்யுங்கள்:

"இன்று ஞாயிறு, காலை 7.40. சந்தையின் கிழக்கு வாசல், புளியமரத்தடி, டீக்கடைக்கு எதிரே. பச்சைக்கிளிக் குஞ்சுகள், ஏறக்குறைய 12, மூங்கில் கூடையில். விற்பவர் ஒருவர், நீலச் சட்டை. சிவப்பு பைக், எண்ணின் கடைசி நான்கு இலக்கம் ____. போன வாரமும் இங்கேதான் இருந்தார்."

பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஊகத்தை "எனக்குத் தோன்றுகிறது" என்று பிரித்துச் சொல்லுங்கள். யாரும் கவனிக்காமல் எடுக்க முடிந்தால் மட்டும் படம் எடுங்கள்.

வாட்ஸ்அப், முகநூலில் விற்பனை கண்டால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணக்கின் பெயர், இணைப்பு, தேதி மூன்றும் தெரிய வேண்டும். கோபத்தில் பகிர்ந்துவிடாதீர்கள். விற்பவர் உஷாராகிப் பதிவை அழித்துவிடுவார்.

படி 4: யாரிடம் சொல்வது

உங்கள் ஊர் எந்த வனச்சரகத்தில் (வனத்துறையின் உள்ளூர்ப் பிரிவில்) வருகிறது என்று இன்றே விசாரித்து வையுங்கள். ஒடுகத்தூர், குடியாத்தம், பேர்ணாம்பட்டு என்று தனித்தனிச் சரகங்கள் உண்டு. வனவர், வனச்சரக அலுவலர் எண்களைப் போனில் சேமியுங்கள். அவர்கள் கிடைக்காவிட்டால் அவசர உதவி எண் 112. ரயிலிலோ பேருந்திலோ போய்க்கொண்டிருக்கும் சரக்கென்றால் 112தான் வேகம். மத்திய அரசின் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவுக்கும் புகார் அனுப்பலாம்.

பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பேசியவர் பெயர், நேரம் இரண்டையும் குறித்து வையுங்கள்.

படி 5: காட்டோர நிலத்தில் கண்ணி கண்டால்

ஜவ்வாது மலை அடிவாரத்தில் கொல்லை வைத்திருப்பவர்களுக்கு இது. சுருக்குக் கம்பியோ, வெடி வைத்த தீனியோ கண்டால் கையால் தொடாதீர்கள். தரையோடு இழுத்த கம்பியில் மின்சாரம் இருக்கலாம். தூரத்திலிருந்து படம் எடுத்து, மாடுகளையும் பிள்ளைகளையும் விலக்கி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். விலங்கு சிக்கியிருந்தால் கூட்டம் சேர விடாதீர்கள், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.

படி 6: மறுநாள் கேளுங்கள்

ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். மறுநாள் போன் செய்து என்ன ஆனது என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் வரவில்லையா? அதே குறிப்பைத் தேதி போட்டு மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் பெற்றதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் அதே ஆளைப் பார்த்தால் அதையும் அந்தத் தாளிலேயே அடுத்த வரியாகச் சேருங்கள்.