தாராசுரம் கோயிலுக்கு லோகோ வரைவது எப்படி?

கோயிலுக்கு லோகோ என்றதும் கோபுரத்தை வரைய உட்கார்ந்துவிடாதீர்கள். தமிழக அரசு முத்திரையிலேயே கோபுரம் இருக்கிறது. அதை வைத்து ஓர் ஊரைத் தனித்துக் காட்ட முடியாது. நான் கும்பகோணத்துக்காரன். பக்கத்திலிருக்கும் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலை வைத்தே சொல்கிறேன். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் கட்டியது, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

நோட்டோடு போய்ச் சுற்றுங்கள். கண்ணில் படுவதையெல்லாம் எழுதிவிட்டு, வேறு இடத்தை நினைவூட்டுவதை அடித்துவிடுங்கள். தேர் மண்டபத்துச் சக்கரமா? 10 ரூபாய் நோட்டில் ஒடிசாவின் கோனார்க் சூரியக் கோயில் சக்கரம் இருக்கிறது. சக்கரத்தைப் பார்த்தால் அதுதான் ஞாபகம் வரும். ஒரே தலையில் காளையும் யானையும் தெரியும் சிற்பமா? கொள்ளை அழகு, ஆனால் வேறு கோயில்களிலும் உண்டு.

என் தேர்வு, கருவறையின் வெளிச்சுவர் அடியில் ஓடும் நாயன்மார் வரிசை. சின்னஞ்சிறு சிற்பங்கள், கூடவே பொறித்த பெயர்கள். படமும் பெயரும் சேர்ந்த அந்த அமைப்பே ஒரு முழு வடிவமைப்பு. லோகோவுக்கு ஒரு சிற்பமும் அதன் பெயரும் கொண்ட ஒரு கட்டம் போதும்; கையேடு, வரைபடம், பலகை என்று போகப்போகக் கட்டங்களைக் கூட்டிக்கொள்ளலாம்.

அதிக நேரம் எழுத்துக்குக் கொடுங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்தின் மேல் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எ, ஒ குறிலா நெடிலா என்பதும் எழுத்தில் தெரியாது. அப்படியே நகலெடுத்தால் பள்ளிப் பிள்ளைகள் திணறிப்போவார்கள். உளிக்கோட்டின் கனத்தையும் எழுத்துகள் நெருங்கி நிற்கும் விதத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இன்றைய வடிவில் புள்ளி வைத்தே எழுதுங்கள். ஆங்கிலம் பிறகு, இதற்கு ஏற்ற கனத்தில்.

நிறத்தைக் கல்லிலிருந்து எடுங்கள், ஆனால் நிழலில் பிடித்த படத்திலிருந்து. மாலை வெயிலில் எந்தக் கல்லும் பொன்னாகத்தான் தெரியும்.

முடித்ததும் 1.5 சென்டிமீட்டருக்குச் சுருக்கிக் கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுங்கள். உருவம் கலங்கினால் கோடுகளைக் குறையுங்கள்.

கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பலகை வைக்க அவர்கள் அனுமதி வேண்டும். சுவரில் துளையும் கூடாது, பசையும் கூடாது, தனியாக நிற்கும் பலகைதான். உலகப் பாரம்பரியச் சின்னத்தையும் இஷ்டத்துக்கு லோகோவோடு பின்னிவிட முடியாது, அதற்குத் தனி விதிகள் உண்டு.

இது பூசை நடக்கும் கோயில். வரைந்ததை அர்ச்சகரிடமும், தினமும் வந்து கும்பிடும் ஊர்க்காரர்களிடமும் காட்டிக் கேளுங்கள். நாயன்மார் உருவத்தைத் தரை ஸ்டிக்கரிலோ மிதியடியிலோ அச்சிடக் கூடாது என்பதை, லோகோவை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் விதிக்கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.