குறைமாதப் பிள்ளையின் முதல் 72 மணித்தியாலம்: மூளையில் இரத்தம் கசியாமல் காக்க

கை கழுவாமல் தொடுவது, கனூலாவைச் சரியாக ஒட்டாமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை பிழை என்பது எல்லோருக்கும் தெரியும். வன்னியில் எங்கள் பிரிவுக்குப் புதிதாக வரும் தாதியரும் இளம் டொக்டர்மாரும் பிள்ளையைக் காப்பாற்றும் பதற்றத்திலேயே செய்துவிடும் பிழைகள் சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

32 வாரத்துக்கு முன் பிறக்கும் பிள்ளையின் மூளையில், நீர் நிறைந்த அறைகளை ஒட்டி மிக மெல்லிய இரத்தக் குழாய்கள் நெருங்கிக் கிடக்கும். மாதம் நிறைய நிறைய அந்தப் பகுதி தானாகச் சுருங்கி மறைந்துவிடும். முந்திப் பிறந்தால் உடைவது அங்கேதான். பெரும்பாலான கசிவுகள் முதல் 3 நாட்களுக்குள் நடந்துவிடுகின்றன.

சிரிஞ்சை வேகமாக அழுத்துவது

இதைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

ஒரு இரவு, 900 கிராம் பிள்ளை. மொனிட்டரில் இரத்த அழுத்தம் குறைவாகக் காட்டியது. கிலோவுக்கு 10 மில்லிலீற்றர் கணக்கில் சேலைன் கொடுக்கச் சொன்னார்கள். புதிதாக வந்திருந்த தங்கச்சி ஒருவர் 9 மில்லியைச் சிரிஞ்சில் எடுத்து, ஒரு நிமிடத்துக்குள் கையாலேயே ஏற்றி முடித்துவிட்டார். கேட்டபோது, "ஒன்பது மில்லிதானே மிஸ்?" என்றார்.

அந்தப் பிள்ளையின் உடம்பில் ஓடும் இரத்தமே ஏறக்குறைய 80 மில்லிதான். வளர்ந்த ஒருவருக்கு அரை லீற்றருக்கு மேல் ஒரே நிமிடத்தில் ஏற்றினால் எப்படியோ, இதுவும் அப்படித்தான். அதிலும் நம் மூளை தனக்கு வரும் இரத்தத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். குறைமாதப் பிள்ளையின் மூளைக்கு அந்தத் திறன் இன்னும் வந்திருக்காது. உடம்பில் அழுத்தம் ஏறினால் அது அப்படியே தலைக்குப் போகும்.

மூன்றாம் நாள் ஸ்கானில் இரண்டு பக்கமும் கசிவு. அந்த ஒரு நிமிடம்தான் காரணம் என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பல காரணங்கள் சேர்ந்துதான் குழாய் உடைகிறது. ஆனால் எங்கள் கைக்குள் இருந்த காரணம் அது.

அழுத்தம் குறைவு என்று எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சலம் போகிறதா, கைகால் சூடாக இருக்கிறதா, அழுத்தம் பார்க்கக் கட்டிய பட்டி பிள்ளையின் கைக்கு அளவானதா என்று முதலில் பாருங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சிரிஞ் பம்பில் போட்டு, அரை மணித்தியாலம்வரை எடுத்து மெதுவாகக் கொடுங்கள். மருந்துக்குப் பிறகு லைனைக் கழுவும் அரை மில்லிக்கும் இதே பொறுமை வேண்டும். தொப்புள் நாடியில் இரத்தம் எடுக்கும்போதும் திருப்பி ஏற்றும்போதும் அப்படித்தான்.

தொப்புள்கொடியைப் பிள்ளையின் பக்கம் உருவிவிடுவது

28 வாரத்துக்குக் குறைந்த பிள்ளைக்குச் செய்யவே வேண்டாம். 2019இல் வெளியான ஆய்வொன்றில், அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கடுமையான கசிவு கூடியதால் அவர்களைச் சேர்ப்பதையே இடையில் நிறுத்தினார்கள்.

கால்களைத் தூக்கி பம்பர்ஸ் மாற்றுவது

அம்மம்மாமார் வீட்டில் செய்யும் முறை. மாதம் நிறைந்த பிள்ளைக்குச் சரி. இங்கே இடுப்பு தலைக்கு மேல் எழும்பினால் இரத்தம் தலைக்குப் பாயும். இடுப்பைச் சற்றே அசைத்து அடியால் நழுவவிட்டு மாற்றுங்கள். தலையும் ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கக் கூடாது. கழுத்து இரத்தக் குழாய் மடங்கினால் மூளையிலிருந்து இரத்தம் வடியாது. மூக்கும் நெஞ்சின் நடுவும் தொப்புளும் ஒரே கோட்டில், தலைமாடு கொஞ்சம் உயர்ந்து இருக்கட்டும்.

நேரம் வந்துவிட்டதென்று சளி உறிஞ்சுவது

சளி இருந்தால் மட்டும்.

பிறந்த பிறகு அம்புலன்ஸில் ஏற்றுவது

துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு தாய்க்கு 28 வாரத்தில் வலி தொடங்கினால், பெரியாஸ்பத்திரிக்குப் பிள்ளையின் பயணம் அவருடைய வயிற்றுக்குள்ளேயே நடக்கட்டும். பாதையில் பிறந்துவிடும் நிலையென்றால் அது வேறு கதை. பிறந்த பிள்ளைக்கு ஒவ்வொரு குலுக்கலும் குளிரும் ஆபத்து. புறப்படுமுன் தாய்க்கு ஸ்டீரொய்ட் ஊசியைப் போட்டுவிடுங்கள். நுரையீரலுக்கென்று நாம் போடும் அதே ஊசி மூளைக் கசிவையும் குறைக்கிறது.

முதல் ஸ்கானோடு முடித்துவிடுவது

முதல் நாள் ஸ்கான் சுத்தமாக இருந்தது என்பதற்காக, அம்மாவிடம் "ஒரு பயமும் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். கசிவு அதற்குப் பிறகும் வரலாம். "இன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை அம்மா, திரும்பவும் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அடுத்த ஸ்கான் எந்த நாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.