ஓவர்கிளாக்: திருத்தணி வெயிலுக்கு வோல்டேஜைக் கணக்கிட்டு ஏற்றுங்கள்

பிராசசரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். அந்த செட்டிங்கை மார்கழியில் அறை 25 டிகிரியில் இருக்கும்போது சோதித்து, பிராசசர் 75ஐத் தாண்டவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். திருத்தணி, வேலூர் பக்கம் சித்திரையில் ஏசி இல்லாத அறை 38, 40ஐத் தொடும். அறைச்சூடு ஏறும் அளவுக்கு பிராசசர் சூடும் ஏறும். அதே செட்டிங் 90க்கு வந்து நிற்கும். கோடையிலேயே, மத்தியானத்தில் சோதிப்பதுதான் சரி.

இன்டெலில் பெயரின் கடைசியில் 'கே', 'கேஎஃப்' அல்லது 'கேஎஸ்' உள்ள பிராசசரும், இசட் வகை (இசட்790 போன்ற) மதர்போர்டும் வேண்டும். 13, 14ஆம் தலைமுறை என்றால் முதலில் பயாஸை (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள், செட்டிங் மாற்றும் இடமும் அதுதான்) அப்டேட் செய்யுங்கள். அதோடு வரும் மைக்ரோகோட், அதாவது பிராசசரின் உள் கட்டளைத் தொகுப்பு, பழையதாக இருந்தபோது தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு சிப்பையே கெடுத்தது.

ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கை அணைத்துவிட்டு, பிராசசர் வேகத்தை நிர்ணயிக்கும் மல்டிபிளையர் எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒரு படிக்கு 100 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு படியிலும் பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். நீலத்திரை வந்தாலோ, விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் வீயா (WHEA, ஹார்டுவேர் பிழை) தெரிந்தாலோ வோல்டேஜ் போதவில்லை, 0.01 வோல்ட் கூட்டுங்கள். வோல்டேஜை 'ஆட்டோ'வில் விட்டால் போர்டு தாராளமாக வாரி வழங்கும். சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுவதால், 1.20இலிருந்து 1.32க்குப் போனாலே சுமார் 21 சதவீதம் கூடுதல் சூடு. வேலை கூடும்போது வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் லோட் லைன் கேலிப்ரேஷன் நடு அளவில் இருக்கட்டும். கடைசியில் ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். 85ஐத் தாண்டினால் ஒரு படி இறங்குங்கள்.

திரையே வரவில்லையா? பிளக்கைப் பிடுங்கி, போர்டின் பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் கம்பெனி செட்டிங்குக்கே திரும்பிவிடும்.

சாதா கூலர்தான் என்றால் ஓவர்கிளாக்கை விடுங்கள். போர்டு அனுமதித்தால் ஆஃப்செட்டில் (வழக்கமான வோல்டேஜிலிருந்து கூட்டவோ குறைக்கவோ செய்யும் செட்டிங்) மைனஸ் 0.05 வோல்ட் வைத்துப் பாருங்கள், சூடு குறையும், வேகம் பெரும்பாலும் குறையாது.