சூடு தாங்கும் முருகைக்கல்லை இனங்காண: வங்காலை முதல் சிலாவத்துறை வரை

மன்னார்க் கரைக்கு நேரே உள்ள பார்களில், அதாவது கடலடி முருகைக்கல் திட்டுகளில், கல் சூட்டால் நிறமிழந்து வெளுக்கும் அபாயம் கூடுவது சித்திரை, வைகாசியில், சோளகம் (தென்மேல் காற்று) பிடித்துக் கடல் கலங்குமுன். கருவிகளை மாசி முடிவதற்குள் இறக்கிவிட வேண்டும். வெளுத்த பிறகு போய்ப் படம் எடுத்தால், எது தாங்கி நின்றது, எது வெளுத்து மீண்டது என்று பிரிக்க முடியாது.

முதலில் வாங்க வேண்டியது கமெரா அல்ல, நீருக்கடி வெப்பப் பதிவுக்கருவி. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா இலவசமாகத் தரும் செய்மதி வரைபடம் 5 கிலோமீற்றர் சதுரத்துக்கு ஓர் எண்ணைத்தான் காட்டும், அதுவும் மேல்நீருக்கு. அருவியாற்று வாய்க்குக் கிட்டிய பாருக்கும் வெளிப்பாருக்கும் உள்ள வேறுபாடு அதில் தெரியாது.

ஒரு பாருக்கு மூன்று கருவி போதும்: மேட்டில், சரிவில், மணலோரத்தில். 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் நான்கு மாதத்துக்கு 11,520 பதிவு வரும். நினைவகம் அதைக் கொள்ளுமா என்று பார்த்து வாங்குங்கள். இறக்குமுன் எல்லாவற்றையும் நொறுக்கிய ஐஸும் நன்னீரும் கலந்த வாளியில் அரை மணிநேரம் போட்டு, இடையிடையே கலக்குங்கள். 0 பாகையிலிருந்து அரைப் பாகைக்கு மேல் விலகுவதை ஒதுக்கிவிடலாம். மீன் பெட்டி ஐஸ் இதற்கு ஆகாது. உப்புப் பட்டால் அது 0க்குக் கீழே போய்விடும்.

ஆழம் குறைந்த இடத்தில் வெயில் கருவியின் உறையையே சூடாக்கும், நண்பகல் எண்கள் பொய்யாக ஏறும். அதனால் 15 சென்ரிமீற்றர் நீளமான, துளையிட்ட வெள்ளை பி.வி.சி குழாய்க்குள் வைத்துக் கட்டுங்கள். கட்டுவது செத்த கல்லில் அல்லது கொங்கிறீற் கட்டையில்தான், உயிருள்ள கல்லில் ஒருபோதும் வேண்டாம். கறுப்பு நிற பிளாஸ்ரிக் கட்டு இரண்டு, மேலதிகமாக நைலோன் கயிறு. வெள்ளைக் கட்டு வெயிலில் நொறுங்கும். மேலே மிதவை கட்டினால் வலை மாட்டும், கையும் நீளும். ஜி.பி.எஸ் சில மீற்றர் தவறும், கலங்கிய நீரில் அது கருவியைத் தொலைக்கப் போதும். ஆகவே கரையிலுள்ள இரண்டு சோடி அடையாளங்களையும் நேர்கோடு பிடித்து எழுதிவையுங்கள்.

அடுத்தது கல்லுக்கு இலக்கமிடல். ஒரே இனம், ஒரே ஆழம், பக்கத்துப் பக்கத்தில் உள்ளவையாக 20 கல் தெரிவுசெய்து, அருகிலுள்ள செத்த கல்லில் மாட்டுக் காதுத்தகடு போன்ற இலக்கத்தகட்டை ஆணியால் அடியுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, சூடு ஏறினால் கிழமைதோறும், ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் எடுங்கள். கோரல் வாட்ச் நிற அட்டை 1 முதல் 6 வரை நிறச் செறிவைக் காட்டும். இரண்டு படி குறைந்தால் வெளுப்பு. கிளை நுனி இயல்பாகவே வெளிறியிருக்கும், அங்கே அட்டையைப் பிடிக்காதீர்கள். கலங்கிய நீரில் பிளாஷ் போட்டால் படம் முழுக்க வெண்புள்ளிதான் விழும்.

வெள்ளையெல்லாம் வெளுப்பு அல்ல. வெளுத்த கல்லில் கண்ணாடிபோன்ற சதை இன்னும் இருக்கும். செத்ததில் சதை இராது, சில நாளில் பாசி படரும். வெள்ளைக்கும் நிறத்துக்கும் நடுவே கோடு கூர்மையாக இருந்தால் அடியில் நத்தையைத் தேடுங்கள்.

உங்கள் இடத்தில் வழமையாக மிகச் சூடான மாதத்தின் சராசரி 30 பாகை என்று வைத்துக்கொண்டால், 31 பாகை நான்கு கிழமை நின்றாலே கணிசமான வெளுப்பை எதிர்பார்க்கலாம். இதே அளவு எட்டுக் கிழமை நின்றால் சாவும் தொடங்கும். அந்த நாட்களில் பக்கத்துக் கல் வெளுத்தும் ஒரு கல் நிறம் குன்றாமல் நின்றதா? அது சூடு தாங்கும் கல்லாக இருக்கலாம், ஆனால் ஒரு பருவத்தை நம்பி முடிவு சொல்லக்கூடாது. நிழலோ ஆற்றுக் கலங்கலோ வெயிலை மறைத்ததாலும் அது தப்பியிருக்கலாம். கலங்கல் அளவையும் குறியுங்கள்.

காப்பதற்குத் தடைப் பலகை உதவாது. நங்கூரத்துக்கு மாற்று வேண்டும். பாருக்கு வெளியே மணலில், படகு கட்டக் கொங்கிறீற் பாரம் இறக்கி, கயிற்றின் நடுவில் சிறு மிதவை கட்டுங்கள். இல்லாவிட்டால் தளர்ந்த கயிறே கல்லை அரைத்துத் தள்ளும். இதற்கு முன்பே கடற்றொழில், வனசீவராசிகள் திணைக்களங்களின் அனுமதி எடுத்து, மீனவர் சங்கத்தோடும் கடலட்டை பிடிக்கும் சுழியோடிகளோடும் இடத்தைப் பேசி முடியுங்கள். தாங்கும் கல்லைத் துண்டாக்கி வேறிடத்தில் நடும் ஆசை பலருக்கு வரும். கல்லை உடைப்பது சட்டவிரோதம், சூட்டுக் காலத்தில் நட்ட துண்டு பிழைப்பதும் அரிது.