ஏர்ஃப்ளோ சென்சாரில் கை வைக்கும் முன்

சில வருடங்களுக்கு முன் என் டீசல் காரில் திடீரென்று பிக்கப் போய்விட்டது. மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தால் பின்னால் கரும்புகை கிளம்பும், வண்டி மட்டும் நகர மறுக்கும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஏர்ஃப்ளோ சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் சாமான் அது. மாற்றினோம். எட்டாயிரத்துச் சொச்சம் ஆனது, வண்டி அப்படியேதான் இருந்தது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு மெக்கானிக், டர்போ அழுத்தித் தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. "இங்க பாருங்க சார்" என்று ஹோஸை மடக்கிக் காட்டினார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். டர்போ காற்றைத் தள்ளும்போது மட்டும் அது வாயைப் பிளக்கும், மற்ற நேரம் மூடிக்கொள்ளும். பழைய சென்சார் மேல் ஒரு தப்பும் இல்லை.

அந்த எட்டாயிரம் போன பிறகுதான் இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும் வரும் குழாயில் இது இருக்கும். உள்ளே ஒரு மெல்லிய கம்பியோ படலமோ உண்டு. வருகிற காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதல் சூட்டில் அதை மின்சாரம் வைத்திருக்கும். காற்று அதிகமாக அடித்தால் சூடு இறங்கும், சூட்டைத் தக்கவைக்கக் கூடுதல் மின்சாரம் வேண்டும். அந்தக் கூடுதலை வைத்து எத்தனை கிராம் காற்று போனது என்று கணக்கு. வாசலில் உட்கார்ந்து மூட்டை எண்ணும் கணக்குப்பிள்ளை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொல்லைப்புறமாக மூட்டை உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் அவருக்குத் தெரியாது. என் வண்டியில் நடந்ததும் அதுதான். எண்ணி உள்ளே விட்ட காற்றில் பாதி கிழிசல் வழியே போய்விட்டது. கணக்கை நம்பி இன்ஜின் கம்ப்யூட்டர் டீசலை முழுதாக ஊற்றியது. எரியக் காற்றில்லாமல் புகையாக வந்தது.

டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில் கதை தலைகீழ். சென்சாருக்குப் பிறகு குழாயில் வெடிப்போ, வேக்வம் ஹோஸில் ஓட்டையோ இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே இழுக்கப்படும். கலவையில் பெட்ரோல் குறையும். ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறு எண் வரும். இந்த எண்ணைப் பார்த்ததும் சென்சாரைக் கழற்றப் போவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அந்த எண் சொல்வது 'கலவை லீனாக இருக்கிறது' என்பது மட்டும்தான். யாரால் என்று அது சொல்வதில்லை.

யாரால் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஓபிடி டாங்கிள் (காரின் கம்ப்யூட்டரைப் போனோடு இணைக்கும் சின்ன சாமான்) போதும். போனில் ஃபியூயல் ட்ரிம் எண்களை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (ப்ளஸ்), குறைக்கிறது (மைனஸ்) என்பதைப் பாருங்கள். ஐடிலில் (வண்டி நின்றபடி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ட்ரிம் எக்கச்சக்கமாக ப்ளஸ்ஸில் இருந்து, 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் இறங்கினால் பெரும்பாலும் காற்றுக் கசிவு. ஓட்டையின் அளவு மாறுவதில்லை, மொத்தக் காற்று கூடும்போது அதன் பங்கு சின்னதாகிவிடும். மாறாக, ஐடிலில் சுமாராக இருந்து, மேடு ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் ப்ளஸ்ஸில் ஏறினால் சென்சார் மேல் சந்தேகப்படலாம். கம்பியில் படிந்த அழுக்கு போர்வை போல மூடி, அதிகக் காற்றைக் குறைத்துக் காட்டும். ஃபியூயல் பம்ப் தளர்ந்தாலும் இப்படித்தான் காட்டும் என்பதால் பெட்ரோல் அழுத்தத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. இந்தக் கணக்கெல்லாம் பெட்ரோல் வண்டிக்கு மட்டும்.

சென்சார் காட்டும் அளவையும் பாருங்கள். ஒர்க்‌ஷாப் வாய்ப்பாடு ஒன்று உண்டு: சூடேறிய பெட்ரோல் இன்ஜின், ஏசி ஆஃப், ஐடில் என்றால் வினாடிக்கு வரும் கிராம், இன்ஜினின் லிட்டர் அளவை ஒட்டியோ சற்றுக் கூடவோ இருக்கும். 1.6 லிட்டர் என்றால் இரண்டு கிராம் பக்கம். முழுதாக மிதித்து இன்ஜின் வேகத்தின் உச்சமான ரெட்லைன் பக்கம் போகும்போது குதிரைத்திறனை 0.8 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 100 குதிரை என்றால் 80 கிராம் பக்கம் வரவேண்டும். 50-ஐத் தாண்டவில்லை என்றால் எங்கோ கோளாறு. அது சென்சாராகவும் இருக்கலாம், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கட்டிய கூடாகவும் இருக்கலாம். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: உங்கள் வண்டியில் இந்த சென்சார் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். நம் ஊரில் ஓடும் பல சின்ன பெட்ரோல் கார்களில் இது கிடையாது. காற்று சிலிண்டர்களுக்குப் பிரியும் மேனிஃபோல்டில் இருக்கும் மேப் சென்சார் அழுத்தத்தை அளக்கும், அதிலிருந்து கம்ப்யூட்டர் காற்றைக் கணக்கிட்டுக்கொள்ளும். இல்லாத சாமானுக்கு ஆன்லைனில் ஆர்டர் போட்ட நண்பர் எனக்கு உண்டு.

சரி, சென்சார்தான் அழுக்கு என்று முடிவாகிவிட்டது. இனி செய்யும் தவறுகளில்தான் நல்ல சென்சார்கள் சாகின்றன. கையில் எது கிடைக்கிறதோ அதை அடிப்பது முதல் தவறு. கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் கழுவும் ஸ்ப்ரே), பிரேக் கிளீனர், பெட்ரோல், டபிள்யூடி-40 என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கைவைத்தியம் உண்டு. கார்ப் கிளீனர் பிளாஸ்டிக்கையும் படலத்தின் பூச்சையும் பதம் பார்க்கும். சாதாரண டபிள்யூடி-40 எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும், அடுத்த நாளே தூசி அதில் வந்து ஒட்டும். மாஃப் கிளீனர் (மாஃப் என்பது இந்த சென்சாரின் சுருக்கப் பெயர்) என்றே தனி ஸ்ப்ரே விற்கிறது, ஒரு டின் வாங்கினால் பல தடவைக்கு வரும்.

நான் செய்வது இப்படி. இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, சென்சாரில் வயர் செருகியிருக்கும் கப்ளரின் பூட்டை அழுத்திக் கழற்றுவேன். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இரண்டு ஸ்க்ரூதான், ஆனால் பல வண்டிகளில் நட்சத்திர வடிவ டார்க்ஸ் தலை, சிலவற்றில் நடுவில் ஊசியோடு வரும் திருட்டுத்தடுப்பு டார்க்ஸ். சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திருகித் தலையைக் கெடுத்தவர்கள் ஏராளம். வெளியே எடுத்தால் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதன் வாயில் சின்ன ஜன்னல். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கம்பி தெரியும். பாஷ் கம்பெனியின் பழைய ஹாட் வயர் மீட்டர்களில் அந்த பிளாட்டினக் கம்பியின் தடிமன் 0.07 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. பஞ்சுக்குச்சி, பிரஷ், விரல் எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. கம்ப்ரஸர் காற்றும் கூடாது. கொஞ்சம் தள்ளிப் பிடித்து, சின்னச் சின்னதாகப் பத்துப் பதினைந்து தடவை ஸ்ப்ரே அடித்து, உதறாமல் அப்படியே வைத்துவிட வேண்டும். நான் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுவேன். ஈரத்தோடு மாட்டி சாவியைத் திருப்பினால் சூடான கம்பி, எரியும் தன்மையுள்ள ஸ்ப்ரே, மூடிய குழாய் என்று மூன்றும் ஒன்று சேரும்.

"அதுவே தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும் சார்" என்றும் சிலர் சொல்வார்கள். பழைய ஹாட் வயர் மீட்டர்களில் அது உண்மை. இன்ஜினை நிறுத்தியதும் கம்பி ஒரு வினாடி சுமார் ஆயிரம் டிகிரிக்குச் சூடாகி அழுக்கை எரித்துவிடும். பின்னால் வந்த படல வகையில் அந்த ஏற்பாடு பொதுவாகக் கிடையாது.

சுத்தம் செய்த இரண்டே மாதத்தில் மறுபடி அழுக்காகிறதா? அப்போது வியாதி வேறெங்கோ இருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் உடைந்து ஒரு மூலை வாய் பிளந்திருக்கும். அல்லது மலிவான டூப்ளிகேட் ஃபில்டர் சரியாக உட்காராமல் ஓரத்தில் தூசியை விடும். பேப்பர் ஃபில்டரை டயரில் தட்டி, கம்ப்ரஸர் காற்றைக் கிட்டத்தில் பிடித்து ஊதி, "புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்று மாட்டுவதை நிறுத்தினாலே பாதி சென்சார்கள் பிழைக்கும். ஊதும் வேகத்தில் பேப்பர் கண்ணுக்குத் தெரியாமல் கிழிந்துபோகும். எண்ணெய் தடவும் பெர்ஃபார்மன்ஸ் ஃபில்டர் வைத்திருப்பவர்கள், கழுவிய பிறகு எண்ணெயைத் தோசைக்கல்லுக்கு விடுவது போல விடாமல் அளவோடு தடவி, ஊறவிட்டு மாட்ட வேண்டும். கூடுதல் எண்ணெய் நேரே கம்பிக்குத்தான் போகும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். உருவத்தைப் பார்த்து வாங்காதீர்கள், எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஒரே மாதிரி கப்ளர், ஒரே மாதிரி ஸ்க்ரூ ஓட்டை, உள்ளே அளவுக்கோடு (எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு சிக்னல் என்ற கணக்கு) வேறாக இருக்கும். பாஷ் சாமானில் எண் 0 280 என்று தொடங்கினால் பெரும்பாலும் பெட்ரோல் வகை, 0 281 என்றால் டீசல். ஆன்லைனில் எண்ணூறு ரூபாய்க்கு வரும் "ஒரிஜினல்" பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மாட்டும்போது அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்கட்டும், பழைய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வண்டியிலேயே தங்கிவிடாமல் பாருங்கள்.

மல்டிமீட்டரை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல அனலாக் சென்சார்களில் சாவி ஆனில், இன்ஜின் ஓடாதபோது 1 வோல்ட்டை ஒட்டி வரும். ஆனால் புதிய சென்சார்கள் பல வோல்ட்டுக்குப் பதில் ஃப்ரீக்வென்சி அனுப்பும். அதில் வோல்ட் பார்த்துவிட்டு "டெட்" என்று தீர்ப்பு எழுதக் கூடாது. 12 வோல்ட் சப்ளையும் எர்த்தும் கப்ளர் வரை வருகிறதா என்று முதலில் பாருங்கள். எலி கடித்த வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தால், கோளாறு அங்கேதான் ஒளிந்திருக்கும். கப்ளரைக் கழற்றி ஓட்டிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான், மாற்று அளவுகளை வைத்து இன்ஜின் சமாளிக்கும். கழற்றியதும் வண்டி நன்றாக ஓடினால் சென்சார் மேல் சந்தேகம் கூடும். ஆனால் "இப்படியே நல்லா ஓடுது" என்று ஆறு மாதம் அப்படியே விடுவது மைலேஜையும், பெட்ரோல் வண்டியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் தின்னும்.

அப்புறம் அப்கிரேடு. பெரிய குழாய் போட்டால் நிறைய காற்று, நிறைய பவர் என்று நினைப்பு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 மில்லிமீட்டர் குழாயை 70 ஆக்கினால் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது. அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துச் சொல்லும். பெட்ரோல் இன்ஜின் அதை நம்பி லீனாக ஓடும், மிதிக்கும்போது நாக் அடிக்கும் (கலவை தாறுமாறாக எரிந்து இன்ஜினில் தட்டல் கேட்கும்), பிஸ்டன் வரை போகலாம். டீசலில் கம்ப்யூட்டர் காற்று குறைவு என்று எரிபொருளையே வெட்டிவிடும், காசு கொடுத்துப் பிக்கப்பைக் குறைத்துக்கொண்ட கதை. ஈசியூவில் (இன்ஜின் கம்ப்யூட்டர்) புதிய அளவுக்கோட்டை ஏற்றத் தெரிந்த ட்யூனர் இல்லாமல் குழாயை மாற்றாதீர்கள். சென்சாருக்கு முன்னால் இருக்கும் தேன்கூடு வலையைப் பிய்த்தெறிவதும் இதே ரகம். அது காற்றைத் தடுக்க அல்ல, சுழலாமல் நேராக்க வைத்தது. எடுத்துவிட்டால் அளவு நிலையில்லாமல் ஆடும். 'பவர் சிப்' என்று சில நூறு ரூபாய்க்கு விற்பதில் பல, காற்றின் வெப்பநிலை வயரில் செருகும் வெறும் ரெசிஸ்டர். காற்று குளிர்ந்திருக்கிறது என்று பொய் சொல்லும். கூடுதல் பெட்ரோல் போகும், அவ்வளவுதான்.

1970, 80களின் பல ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் கம்பி கிடையாது, கதவு மாதிரி ஒரு மடலைக் காற்று தள்ளும் வகை. மேல் மூடியைத் திறந்தால் பல் சக்கரம் ஒன்று ஸ்பிரிங்கோடு தெரியும். கை பரபரக்கும். எந்தப் பல்லில் இருந்தது என்று பெயின்டால் குறி வைக்காமல் அதை நகர்த்தாதீர்கள், திரும்பிப் போக வழி இருக்காது. அதில் பெரும்பாலும் தேய்வது ஸ்பிரிங் அல்ல, மடலோடு நகரும் முனை உரசும் கார்பன் தடம். மடலை விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே மீட்டரில் வோல்ட்டைப் பாருங்கள், ஓரிடத்தில் துள்ளினால் தடம் அங்கே தேய்ந்திருக்கிறது.

எந்த வகையானாலும் வேலை முடிந்ததும் பழைய கோளாறு எண்களை அழித்துவிட்டு உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பழைய சென்சாருக்கு ஏற்ப இன்ஜின் கற்றுவைத்த திருத்தம் மாறச் சிறிது ஓட்டம் வேண்டும். டவுனில் கொஞ்சம், பைபாஸில் கொஞ்சம் என்று ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டாங்கிளை மறுபடி மாட்டி முன்பு குறித்துவைத்த ட்ரிம் எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.