விசேஷத்துக்குப் பழைய பிலிம் கேமரா: ரோல் போடுவது முதல் கழுவக் கொடுப்பது வரை

கல்யாணமோ பிறந்தநாளோ, நாலு பேர் கூடுகிற எந்த இடத்திலும் செல்போன்கள் எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளிவிடுகின்றன. அங்கே பிலிம் கேமராவோடு போகிறவருக்கு வேலை வேறு: தனக்கு வேண்டிய முகங்களுக்குப் பக்கத்தில் போய், ஃப்ளாஷ் போட்டு, அளவாக எடுப்பது. ஒரு ரோலில் 36 படம்தான். எடுத்ததும் பார்க்க முடியாது என்பதால் யாரும் "எங்கே காட்டு" என்று கேமராவைச் சுற்றி மொய்க்க மாட்டார்கள். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். பிலிமில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

முதலில் கேமராவைச் சோதியுங்கள்

விசேஷத்துக்கு முந்தின நாள் சோதித்தால் போதாது. இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். ரோல் இல்லாமல் பின்மூடியைத் திறந்து, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை அழுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். 1 நொடிக்கும் 1/60 நொடிக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிய வேண்டும். மூடியின் ஓரத்தில் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் தொட்டால் பிசுபிசுவென ஒட்டுகிறதா? அப்படியென்றால் அதை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சம் கசிந்து படத்தில் ஆரஞ்சு நிறக் கோடு விழும்.

1960கள், 70களின் கேமராக்கள் பல 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அவை இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் பல கேமராக்களில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் தவறாகக் காட்டும். காது கேட்கும் கருவிக்கான 675 ரக ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட் தருவதால் கிட்டத்தட்டச் சரியாக வரும். அளவில் சிறியது என்பதால் சுற்றி ஒரு வளையம் வைத்துப் பொருத்த வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியென்றால் ஒரு ரோல் முழுக்க வீட்டிலேயே எடுத்து, கழுவிப் பார்த்துவிடுங்கள். இந்த ஒரு ரோல் செலவுக்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.

எந்த பிலிம்?

ஐஎஸ்ஓ 400 கலர் நெகட்டிவ் (ஐஎஸ்ஓ எண் கூடக் கூட பிலிமுக்குக் குறைந்த வெளிச்சம் போதும்). கோடக் அல்ட்ராமேக்ஸ் 400 போல ஒன்று. நெகட்டிவ் பிலிம் வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூடுதலாகவே வையுங்கள். கலர் கலராக விளக்குப் போட்ட இடமென்றால் கறுப்பு வெள்ளை நல்லது, முகத்தில் பச்சையும் நீலமும் ஏறாது. இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் கறுப்பு வெள்ளைதான் என்றாலும், கலர் பிலிம் கழுவும் சி-41 முறையிலேயே கழுவலாம்.

ரோல் போடுவது

நிழலில் நின்று போடுங்கள். பிலிமின் நாக்கை எதிர்ப்பக்க உருளையில் செருகி, இரண்டு பக்கத் துளைகளும் பற்களில் உட்கார்ந்த பிறகு பிலிமை நகர்த்தும் லீவரால் ஒருமுறை ஏற்றி, மூடியை மூடுங்கள். அடுத்ததுதான் முக்கியம். இடப்பக்க ரீவைண்ட் திருகை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். தளர்வு போய், விரலில் லேசான இறுக்கம் தெரிந்ததும் நிறுத்துங்கள். இப்போது லீவரை இழுத்தால் அந்தத் திருகு தானாகச் சுற்ற வேண்டும். சுற்றினால் பிலிம் நகர்கிறது. சுற்றாவிட்டால் கவுன்ட்டர் 20 காட்டினாலும் உள்ளே ஒரு படமும் பதியாது.

ஐஎஸ்ஓ எண்ணையும் கையோடு வைத்துவிடுங்கள். ரோலின் மேல் இருக்கும் கறுப்பு வெள்ளிக் கட்டங்களைப் படிக்கும் டிஎக்ஸ் வசதி 1983-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கேமராவில் நீங்கள்தான் வைக்க வேண்டும்.

ஃப்ளாஷ்தான் பாதி வேலை

நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் ஹால் பிலிமுக்கு இருட்டு. ராத்திரி வீட்டு விளக்கில் ஐஎஸ்ஓ 400-க்கு லென்ஸ் திறப்பு எஃப் 2 (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஷட்டர் 1/60 நொடி அளவுக்கு வேண்டியிருக்கும். சாதாரண காம்பேக்ட் கேமராவின் லென்ஸ் அவ்வளவு திறக்காது. அதனால் வீட்டுக்குள் ஃப்ளாஷ் போட்டே எடுங்கள். "இயற்கை வெளிச்சம்தான் அழகு" என்பதை ஜன்னலோரத்தோடு வைத்துக்கொள்ளலாம்.

தூரம் இரட்டிப்பானால் ஃப்ளாஷ் வெளிச்சம் கால் பங்காகிவிடும். காம்பேக்ட் கேமராவில் 3 மீட்டருக்குள் நின்றால் கவலையில்லை. ஹாலின் கடைசி வரிசையிலிருந்து மேடையை எடுத்தால் முன்னால் இருப்பவர்களின் பின்தலைதான் பளபளக்கும்.

தனி ஃப்ளாஷ் மாட்டும் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா) என்றால் ஒரு கணக்கு: ஃப்ளாஷின் சக்தியைச் சொல்லும் கைடு எண்ணை தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய எஃப் எண் கிடைக்கும். ஐஎஸ்ஓ 100-இல் கைடு எண் 20 (மீட்டர் கணக்கில்) என்றால், 400-இல் அது 40. ஆள் 5 மீட்டரில் நின்றால் 40-ஐ 5-ஆல் வகுத்து எஃப் 8. ஷட்டர் வேகம், டயலில் எக்ஸ் குறியோ மின்னல் குறியோ போட்டிருக்கும் 1/60 அல்லது 1/125. அதைத் தாண்டினால் படத்தின் ஒரு பகுதி கறுப்பாகிவிடும்.

குழுப் படத்தில் ஒருவர் பின் ஒருவராக நாலு வரிசை வேண்டாம். முன்வரிசை வெளுத்து, பின்வரிசை மங்கிவிடும். எல்லோரும் உங்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும்படி லேசாக வளைத்து நிறுத்துங்கள். கண்ணாடி போட்டவரை நேருக்கு நேர் எடுக்காமல் சற்றுப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள்.

ஃபோகஸ்

35 மிமீ லென்ஸில் எஃப் 8, தூரம் 2.5 மீட்டர் என்று வைத்துவிட்டால் சுமார் 1.7 மீட்டரிலிருந்து 4.9 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். ஃப்ளாஷ் எட்டும் தூரமும் ஏறக்குறைய அதுவே. பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடவே வேண்டாம். யாராவது வாய்விட்டுச் சிரிக்கும்போது கேமராவைத் தூக்கி அழுத்தினால் போதும். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் லென்ஸிலிருந்து தனியாக உள்ள கேமராவில் கிட்டப் போகும்போது, உள்ளே தெரியும் சிறிய கோடுகளுக்குள் தலையை வையுங்கள். இல்லாவிட்டால் நெற்றி வெட்டுப்படும்.

மற்றவர் கையில் கொடுக்கும்போது

கொடுங்கள், தயங்காதீர்கள். எடுப்பவர் நீங்களே என்றால் எந்தப் படத்திலும் நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கேமராக்களை மேஜைக்கு ஒன்றாக வைப்பதும் நல்ல யோசனை. ஆனால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள்: ஃப்ளாஷ் பட்டனை அழுத்தி விளக்கு எரிந்ததும் எடுக்கவும், ஒரு மீட்டருக்குள் போக வேண்டாம், விரல் லென்ஸை மறைக்காமல் பார்த்துக்கொள்ளவும். அந்தக் கேமராக்களைப் பிரித்துப் பார்க்கக் குழந்தைகளை விடாதீர்கள். ஃப்ளாஷ் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கும்.

ரோல் முடிந்ததும்

லீவர் இறுகி நின்றால் பலவந்தமாக இழுக்காதீர்கள். அடியில் உள்ள சிறு பட்டனை அழுத்தி, ரீவைண்ட் திருகைச் சுற்றுங்கள். இறுக்கம் சட்டென்று விட்டு, கை இலேசாகச் சுழலும்போது பிலிம் டப்பாவுக்குள் போய்விட்டது. அதன் பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

சீக்கிரமே கழுவக் கொடுங்கள். ஊருக்கு விமானத்தில் திரும்புபவர்கள் ரோலைக் கைப்பையில் வைத்து, ஸ்கேனருக்குள் விடாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிய சிடி ஸ்கேனர்கள் கழுவாத பிலிமைக் கெடுத்துவிடும். லேபில் கொடுக்கும்போதே நெகட்டிவ் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கிப் போடும் இடங்கள் உண்டு. 6 படத் துண்டுகளாக வெட்டி வாங்கி, உறையின் மேல் விசேஷமும் தேதியும் எழுதி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். படத்தில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு பிரிண்ட் போட மறக்காதீர்கள்.