ஏ40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர்: வாங்க முன்னர் அடியில் படுத்துப் பாருங்கள்

பழைய பிரித்தானியக் கார்களான ஒஸ்ரினோ மொறிஸோ பார்க்கப் போகிறவர்கள் முதலில் பொனற்றைத்தான் திறக்கிறார்கள். எஞ்சின் உடனே எடுபட்டு மெத்தென்று ஓடினால் பாதி விலை அங்கேயே பேசி முடிந்துவிடும். அது பிழையான தொடக்கம். தேய்ந்த எஞ்சினுக்கு வழியுண்டு: சிலிண்டரைக் கடைந்து பெருப்பிக்கலாம் (போர் அடித்தல்), கிராங்கைக் கடையலாம், பிஸ்ரன் எடுப்பிக்கலாம். கறள் தின்ற அடித்தகட்டுக்குப் புதுத்தகடு வெட்டி ஒட்டத்தான் வேண்டும். அந்த வேலை காரின் விலையையே தாண்டிப் போகும். ஒரு சாக்கு, ரோச்லைற், சின்னக் காந்தம், ஸ்குறூ டிறைவர் கொண்டுபோய் முதலில் அடியில் படுத்துப் பாருங்கள்.

எந்த மொடல் என்பதைப் பொறுத்துக் கறளின் ஆபத்து மாறும். 1952 முதல் 1954 வரை வந்த ஒஸ்ரின் ஏ40 சோமசெற்றுக்குத் தனிச் செசி, அதாவது பொடியைத் தாங்கும் இரும்புச் சட்டம், உண்டு. பொடி உக்கினாலும் செசி உறுதியாக இருந்தால் காப்பாற்றலாம். பொடியைச் செசியில் இருத்தும் போல்ற் இடங்களைக் குத்திப் பாருங்கள். ஒஸ்ரின் கேம்பிறிட்ஜுக்கும் மொறிஸ் மைனருக்கும் தனிச் செசி இல்லை, தகடுதான் வண்டியையே தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் தகடான சில், ஜக் வைக்கும் இடம், பின் ஸ்பிறிங் பூட்டுமிடம், மைனரில் முன்சீற்றுக்குக் கீழே குறுக்காகப் போகும் தாங்கி எல்லாம் கெட்டியாக இருக்க வேண்டும். ஜக் வைத்து ஒரு பக்கத்தை உயர்த்திவிட்டு அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். முன்னர் இலகுவாக மூடிய கதவு இப்போது இடித்தால் சில் போய்விட்டது. பளபளக்கும் பெயின்ற் மேல் காந்தம் ஒட்டாத இடமெல்லாம் கறளை மறைக்கப் பூசிய பில்லர் பசை. குருநகர், காரைநகர், பருத்தித்துறைப் பக்கம் கடற்காற்றில் நின்ற காரென்றால் இரட்டிப்புக் கவனம் தேவை. மார்கழி மழைக்குப் பிறகு பாயை உயர்த்திப் பார்த்தால் ஒழுக்கு எங்கென்று தானாகத் தெரியும்.

இனி எஞ்சின். 1990களில் யாழ். குடாநாட்டுக்குப் பெற்றோல் வராமல் தடுக்கப்பட்டபோது இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலில் எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கவிகிதம் குறைந்த எஞ்சின் என்பதால்தான் அது முடிந்தது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங் வழியாக அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பில் இறங்கி ஒயிலைத் தண்ணீர்போல் ஆக்கும். சிலிண்டர் சுவரும் பெயறிங்கும் தேயும். அந்தக் காலத்தில் காபரேற்றர் ஜெற்றைத் துளைத்துப் பெருப்பித்தார்களா, எஞ்சின் அறையில் மேலதிகக் குழாயோ திருகியோ கிடக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டருக்குள் அமுக்கத்தை அளக்கும் கொம்பிறஷன் சோதனை கட்டாயம் செய்யுங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வர வேண்டும். ஒன்று தாழ்ந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளவுங்கள். ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கஸ்கற்.

2002 இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நின்றது. ஈயம் இல்லாத பெற்றோலில் புகை வால்வு தன் இருக்கைக்குள் மெல்ல இறங்கும், அதோடு வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவிலான ரப்பற் இடைவெளியும் குறையும். இடைவெளி அடிக்கடி சுருங்கினால், அடுத்த முறை ஹெட் கழற்றும்போது கடினப்படுத்திய இருக்கை போடுவியுங்கள். ஊருக்குள் மெதுவாக ஓடும் காருக்கு இது அவசரமில்லை. 92 ஒக்ரேன் தாராளமாகப் போதும்.

எங்கள் மண் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்திலில் படியும் அதே வெள்ளை றேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் எஞ்சின் புளொக்கையும் அடைக்கிறது. கார் கொதிக்கிறது என்று, தண்ணீர்ச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிவது இங்கே வழக்கம். அது நோயை விட்டு வெப்பமானியை உடைக்கிற வேலை. முதலில் றேடியேற்றரின் அடித்திருகியையும் புளொக்கின் பக்கத்திலுள்ள திருகியையும் திறவுங்கள். புளொக்கிலிருந்து ஒன்றும் வராவிட்டால் கம்பியால் குத்திச் சேற்றைக் கிளறி, குழாயைக் கீழிருந்து மேலாகப் பிடித்துக் கழுவுங்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு பங்கு, கூலன்ற் ஒரு பங்கு. மழைத் தண்ணீரும் நல்லது. றேடியேற்றர் மூடியையும் கவனியுங்கள்: மைனர் போன்றவற்றின் மூடி 4 அல்லது 7 இறாத்தல் அழுத்தத்துக்கானது. ஜப்பான் காரின் 13 இறாத்தல் மூடியைப் போட்டால் றேடியேற்றரின் பழைய ஈயப்பற்று விட்டுப் போகும்.

மின்வேலையில் நடக்கும் பெரும்பாலான சேதத்துக்கு ஒரே காரணம்தான். இந்தக் கார்களில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் பொடியில் பூட்டப்பட்டது. தெரியாதவர் வழமைபோல் நெகற்றிவைப் பூட்டி றேடியோவோ போன் சாஜரோ வைத்தால் எரியும். யாராவது ஜப்பான் ஒல்ரனேற்றர் போட்டிருந்தால் நெகற்றிவுக்கு மாற்றித்தான் இருப்பார். அப்போது தீப்பொறி தரும் இக்னிசன் கொயிலின் இரண்டு வயரும் இடம் மாறியிருக்க வேண்டும். வாங்கும் நாளில் இதைக் கேட்டு, பற்றரிக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். இன்னொன்று: இரண்டே பியூஸ்தான், அவற்றிலும் ஹெட்லைற்றும் இக்னிசனும் சேராது. துணி சுற்றிய பழைய வயர் உதிர்ந்து பொடியில் பட்டால் தடுக்க ஒன்றுமில்லை. முழு வயறிங்கையும் புதிதாகப் போடுவிப்பதே நல்லது. செலவு கூடுதல்தான், ஆனால் எலி கடித்த வயரோடு இரவில் ஓடக் கூடாது.

பிறேக் ஒரே சுற்று. ஒரு பிறேக் சிலிண்டர் ஒழுகினால் நாலு சில்லிலும் பிறேக் போகும். பெடலை அழுத்தி அரை நிமிடம் வைத்திருங்கள். மெல்ல இறங்கினால், பெடல் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் பழுது. மைனரில் அது சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. அதனால்தான் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் சில்லு இறுகி நின்றால் றப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும். பிறேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அது ஈரத்தை உறிஞ்சும். எஞ்சின் ஒயிலை அங்கே விட்டால் எல்லாச் சீலும் கெடும்.

மைனர் வாங்குவோர் முன்சில்லு திரும்பத் தாங்கும் கீழ் மூட்டான றணியனை மறக்கவே கூடாது. அது மரை கொண்டது. கிறீஸ் இல்லாமல் தேய்ந்தால் ஒருநாள் சில்லு மடங்கி விழும். முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, பாரம் இல்லாத நிலையில், 1500 கிலோமீற்றருக்கு ஒருமுறை கிறீஸ் அடியுங்கள். பாரத்தோடு அடித்தால் தேயும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது.

உதிரிப்பாகத்துக்கு இந்தியாவின் அம்பாசிடர் கைகொடுக்கும். அது மொறிஸ் ஒக்ஸ்போட் மூன்றாம் வரிசையில் பிறந்தது, 2014 வரை உற்பத்தியானது. பழைய அம்பாசிடரின் 1489 சிசி பெற்றோல் எஞ்சின் கேம்பிறிட்ஜ் ஏ55 இன் அதே குடும்பம். சோமசெற்றின் 1200 சிசி எஞ்சினுக்கு அந்தப் பிஸ்ரன் பொருந்தாது. சொகுசு வேண்டுமென்றால் வூல்ஸ்லி 15/60 அல்லது 16/60 தேடலாம். மர டாஷ்போட்டும் தோல் சீற்றும் இருக்கும், எஞ்சின் கேம்பிறிட்ஜினுடையதே. ஜக்குவாருக்கு ஆசைப்படுவதைவிட அது புத்தி.

நட்டுத் திருகும் சாவிகள் அங்குல அளவில் வேண்டும்: 7/16, 1/2, 9/16. 13 மி.மீ. சாவி 1/2 அங்குல நட்டில் ஆடும், மூலையைத் தின்றுவிடும்.

சேவிசுக்கான அளவுகள்: எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 சாதாரண ஒயில், 1489 இல் நான்கு லீற்றருக்குச் சற்று மேல், 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை. பின் அச்சுக்கு 90 ஹைப்பொயிட் ஒயில், கியர்ப்பெட்டிக்கு அதை விடாதீர்கள். ரப்பற் இடைவெளி மைனரின் 948, 1098 சிசி எஞ்சினில் 0.30 மி.மீ., 1489 இல் 0.38 மி.மீ. பொயின்ற் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் இடைவெளி 0.64 மி.மீ.

காசு கொடுக்க முன்னர் செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறதா பாருங்கள். பலவற்றில் ஜப்பான் டீசல் எஞ்சின் ஏறியிருக்கும், புத்தகத்தில் பழைய நம்பரே இருக்கும். பெயர் மாற்றாமல் பல கைமாறிய, கையெழுத்து மட்டும் வைத்த படிவத்தோடு வரும் காரைத் தொடாதீர்கள். முதல் உரிமையாளர் வெளிநாட்டில் என்றால் அந்தச் சிக்கலை அவிழ்ப்பது எஞ்சின் வேலையைவிடக் கடினம்.

மண் தரையில் கொட்டிலுக்குள் விடுவதானால் கீழே தடித்த பொலித்தீன் விரியுங்கள், நிலத்து ஈரம் அடித்தகட்டுக்கு ஏறாது. வாரம் ஒருமுறை வெறுமனே ஸ்ராட் பண்ணி நிறுத்தாமல், எஞ்சின் நன்கு சூடேற இருபது நிமிடமாவது வீதியில் ஓட்டுங்கள்.